முத்தம் கொடுக்காத யூதாஸ்

இயேசு சிலுவையில் மரித்த கதையைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தைப் படகு முதலாளி கஸ்பார்தான் நடத்துவார். அதில், வலை கழுவும் வியாகுலத்துக்கு வருஷா வருஷம் யூதாஸ் வேஷம்தான். நாடகம் முடிந்து ஆறு மாசம் ஊரே அவனைத் துரோகி என்று கூப்பிடும்.

“இந்தத் தடவை வேற ஆளப் பாருங்க மொதலாளி.”

“யூதாஸ் காட்டிக்கொடுப்பான்னு ஆண்டவர் என்னைக்கோ எழுதிட்டார்லே. அவனுக்கே இஷ்டம்னு ஒண்ணு கிடையாது, உனக்கென்ன? போய் வேஷம் கட்டு!”

கட்டினான். மேடையில், யூதாஸ் முத்தமிட்டு அடையாளம் காட்டுபவரைப் பிடிக்கச் சேவகர்கள் வேலோடு காத்திருக்க, இயேசுவின் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“முத்தம் கொடுலே!” திரைக்குப் பின்னாலிருந்து கஸ்பார் பல்லைக் கடித்தார்.

“எழுதினது தானா நடக்கும்லா மொதலாளி? அதுக்குத்தான் நிக்கேன்.”

கூட்டம் விசிலடித்தது. இயேசுவே சிரித்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்த கஸ்பார், மைக் முன்னால் நிற்பதையும் மறந்து கெஞ்சினார்: “எல்லாம் உன் இஷ்டம்தாம்யா! மனசு வச்சுக் கொடு!”

“அப்ப அடுத்த வருஷம் நான் யூதாஸ் இல்ல. அதுவும் என் இஷ்டம்!” என்று அதே மைக்கில் சொல்லிவிட்டு, வியாகுலம் பச்சக்கென்று முத்தம் கொடுத்தான்.

யூதாஸ் முத்தத்துக்கு அந்த ஊர் கைதட்டியது அன்றைக்குத்தான்.