எல்லாமே ஸ்பெஷல்

மில் மூடி வேலை போனபோது பவளக்கொடியைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் மெஸ் நடத்தும் துரைப்பாண்டி. அந்த நன்றிக்காக அவருடைய ஒரு கோளாறை அவள் பொறுத்துக்கொண்டாள். மனுஷனுக்கு ஸ்பெஷல் என்ற சொல்மேல் அப்படியொரு பைத்தியம். ஸ்பெஷல் தோசை, ஸ்பெஷல் வடை, ஸ்பெஷல் பார்சல் என்று போர்டு முழுக்க எழுதி, கடைசியில் தண்ணீர்ப் பானையிலும் ‘ஸ்பெஷல் தண்ணீர்’ என்று ஒட்டிவிட்டார்.

ஒருநாள் கட்டட ஓனர் வேதமுத்து வேட்டி சரசரக்க வந்து உட்கார்ந்தார். போர்டைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

“ஏம்ப்பா, கண்டவனும் இங்க ஸ்பெஷல் தின்கிறான். எனக்கும் அதேதானா? வேற யாருக்கும் கிடைக்காதது ஒண்ணு என் இலைக்கு வரணும். வரலேன்னா கடையைக் காலி பண்ணு!”

துரைப்பாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. பவளக்கொடி உள்ளே போய், நெய்யும் முந்திரியும் போடாத வெறும் தோசை ஒன்றை மொறுமொறுவென்று சுட்டுக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா இது?”

“சாதா தோசைங்கய்யா. கடை திறந்ததிலிருந்து யாருக்குமே போட்டதில்ல. உங்களுக்கு மட்டும்தான்.”

வேதமுத்து சுற்றிலும் பார்த்தார். எல்லார் இலையிலும் ஸ்பெஷல். மீசையைத் தடவிக்கொண்டு இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றார். “இதை வேற எவனுக்கும் போட்றாதீங்க!” என்று அதட்டிவிட்டுப் போனார்.

துரைப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “கடையைக் காப்பாத்திட்ட தாயி! என்ன வேணும், கேளு.”

“நீங்க போட்ட சோறே போதும்ண்ணே. அந்தப் பானையில ஒட்டினதை மட்டும் கிழிச்சிருங்க. தண்ணியில என்ன ஸ்பெஷல்னு கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல.”

அவர் ஓடிப்போய்க் கிழித்தார். திரும்பி வந்து கைகூப்பினார்.

“உனக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ் தாயி!”