பாட்டுக்கு வராத காளான்

காளானைப் பாட வைக்கப் போய், வர இருந்த பாலத்தையே நிறுத்தப் பார்த்தார்கள் கரடிச்சோலைக்காரர்கள். நடந்தது அவ்வளவுதான். விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள்.

ஓடைக்கு அக்கரையில் விழுந்து கிடந்த மரத்தில் ஒரு சிவப்புக் காளான். மேலே கிளையில் ஒரு சோலைக்குருவி, நன்றாகப் பாடும். இரண்டு இனமும் அழிந்துகொண்டு வருகிறது என்றார் வன அதிகாரி.

"ஒண்ணுக்கொண்ணு குறைஞ்சதில்ல. ரெண்டையும் ஒரே மாதிரி பாத்துக்குங்க. நான் வரும்போது ரெண்டும் இருந்தா, ஓடைக்குப் பாலம் எழுதிக் கொடுக்கறேன்."

மழைக்காலத்தில் அந்த ஓடையில் கழுத்தளவு தண்ணீர். ஊரே காவலுக்குக் கிளம்பியது.

ஊர்த்தலைவர் குப்பண்ணன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் வாடியது.

"குருவி பாடுது. இது பாடல. ஒரே மாதிரி இல்லியே."

வாய் இருக்கிறதா என்று காவலுக்கு வந்த கொழந்தவேலு குனிந்து பார்த்தான். "அடியில செவுளு செவுளா இருக்குங்க. மீன் சாதி."

"பட்டினி கெடந்தா மீனும் பாடாது. தீனி போடு."

காளான் தலையில் புழு வைத்தார்கள். இவர்கள் திரும்பியதும் குருவி இறங்கித் தின்றது. காளானுக்கு நல்ல பசி என்று மறுபடி வைத்தார்கள். குருவி பருத்தது. காளான் வாயே திறக்கவில்லை.

"திங்கிறது மட்டும் திங்குது" என்று கடுப்பானார் குப்பண்ணன்.

கடைசியில், காளானுக்குப் பதிலாகக் கொழந்தவேலு மரத்துக்குப் பின்னால் படுத்துப் பாடுவது என்று முடிவானது. அவனுக்குத் தெரிந்தது ஒப்பாரி ஒன்றுதான். அவனைப் படுக்க வைத்த குப்பண்ணனே கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காளானுக்கு உள்ளுக்குள்ள இவ்வளவு சோகமா?"

குருவி பறந்தே போய்விட்டது. அதிகாரி வந்தார். குருவி எங்கே என்றார்.

"அதான் காளான் பாடுதுங்களே" என்றார் குப்பண்ணன்.

பாலம் கிடையாது என்று சொல்லிவிட்டு, அதிகாரி கழுத்தளவு தண்ணீரில் திரும்பிப் போனார்.

சோற்றுக்கும் வராத புருஷனைத் தேடி வந்தாள் கொழந்தவேலுவின் பெண்டாட்டி செவத்தா. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாட்டு நின்றது. குருவி திரும்பியது. அதிகாரிக்கு ஆள் அனுப்பியவளும் அவள்தான். பாலம் வந்தது.

ஊருக்குத்தான் நிம்மதி இல்லை. காளானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். தினமும் புதுப் பாலத்தில் ஒரு சொம்பு மிளகுக் கஷாயம் போகிறது. ஊற்றினால் காளான் அன்றைக்கே செத்துப்போகும். சாகவில்லை. பாலத்து நடுவிலேயே நின்று அதை மடமடவென்று குடித்துவிட்டு, "நாளைக்குப் பாடுமாம்" என்று திரும்பி வந்து சொல்கிறவள், அந்தச் செவத்தாதான்.