யானைமேல் மாட்டிக்கொண்ட ராஜாவும் நீலி வீட்டுத் தாழ்ப்பாளும்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில் குன்றைநாடு என்றொரு நாட்டை உக்கிரசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாகக் காதில் யார் ஊதினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதம். ஒரு திருவிழா ஊர்வலம் முடிந்து வந்து பார்த்தால் அவனுடைய வெள்ளி வெற்றிலைப் பெட்டியைக் காணோம். அரண்மனை அல்லோலகல்லோலப்பட்டது.

தளபதி வீரபத்திரன் இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தான். அதே ஊர்வலத்தில் பட்டத்து யானை கார்முகில் அவன் தலைப்பாகைமேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, ஊரே கைகொட்டிச் சிரித்திருந்தது. யானையை ஒன்றும் செய்ய முடியாது. அதன் பாகன் சாத்தனைச் செய்யலாமே! சாத்தன் இருபது வருஷத்துக்கு முன் அக்கரை மலைநாட்டிலிருந்து குட்டி யானையோடு பிழைக்க வந்தவன்.

"மகாராஜா, இது வெறும் திருட்டல்ல, ஒற்றர் வேலை!" என்று சபையில் முழங்கினான் தளபதி. "இன்று பெட்டி, நாளை கிரீடம்! எவனுடைய தாத்தன் இந்த மண்ணில் பிறக்கவில்லையோ அவன் வரும் பௌர்ணமியன்று உச்சிவேளை முரசுக்குப் பிறகு இங்கே நிற்கக் கூடாது. மீறினால் ஈட்டி. இனி ஊரில் எந்த வீட்டுக்கும் தாழ்ப்பாளும் கூடாது. காவலர்கள் நினைத்த நேரம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்."

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "திருடனைப் பிடிக்கத் துப்பில்லாமல் ஊரார் தாழ்ப்பாளைத் திருடுவதா, தளபதியாரே?"

"மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், மந்திரியாரே?"

"கனம் இல்லை ஐயா, மானம் இருக்கிறது!"

சபை சிரித்தது, ராஜா சிரிக்கவில்லை. குடிகளின் கதவைவிட நாட்டின் காவல் பெரிது என்று ஓலையில் முத்திரை குத்திவிட்டான். மறுநாளே வண்டி வண்டியாகத் தாழ்ப்பாள்கள் கோட்டைக்கு வந்து குவிந்தன. அரண்மனை அந்தப்புரத்துத் தாழ்ப்பாளை மட்டும் யாரும் தொடவில்லை.

பௌர்ணமிக்கு முதல்நாள் அம்பலவாணர் எல்லைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த யானைக் கொட்டடிக்குப் போனார். ஒட்டினாற்போல் சாத்தனின் வீடு. தாழ்ப்பாள் போன கதவு திறந்து கிடக்க, வாசலில் ஒரு பழஞ்சேலை தொங்கியது. உள்ளே சாத்தனின் மனைவி நீலி, பிறந்து ஒன்பது நாளான குழந்தையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேருந்து மூணு தடவ வந்துட்டாங்க சாமி," என்றாள். "ஈட்டியால சேலையத் தூக்கிப் பாக்குறாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கக்கூட முடியல. ஒத்தர் தொட்டிலக் கவுத்துப் பார்த்தாரு. வெத்தலப் பெட்டி இருக்குதாம்!"

அம்பலவாணருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது நாள் சிசுவுக்குப் பயப்படுகிற நாடும் ஒரு நாடா? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சாத்தனிடம் சொன்னார்: "நாளைக்குச் சட்டத்தில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் நட, அப்பா. அது போதும்."

பிறகு நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, அந்நியர் வெளியேறும் காட்சியைத் தாங்கள் யானைமேல் வீற்றிருந்து பார்க்க வேண்டாமா?"

"பேஷ்! மந்திரியாருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது," என்றான் தளபதி. ராஜாவுக்கும் பூரிப்புத் தாளவில்லை.

மறுநாள் கார்முகில் மண்டியிட்டது; ராஜா அம்பாரியில் ஏறினான்; ஊர்வலம் ஆற்றங்கரை எல்லைக் கதவுக்கு வந்தது. உச்சிவேளை முரசு அதிர்ந்தது. சாத்தன் யானையின் காதில் மலைநாட்டுப் பேச்சில் ஒரு சொல் சொன்னான், சரசரவென்று இறங்கினான், ராஜாவைக் கும்பிட்டான், மனைவி குழந்தையோடு எல்லைக் கதவைத் தாண்டி ஓரடி தள்ளி நின்றான்.

யானை நட்ட கல்லாக நின்றது.

"உட்கார்!" என்று கத்தினான் தளபதி. கார்முகில் காதை ஆட்டியது. குட்டியிலிருந்து அது கேட்டதெல்லாம் சாத்தனின் பேச்சு. தளபதியின் தமிழ் அதற்கு ஈயோட்டும் சத்தம். ஏணியைச் சாத்தப் போனால் ஆற்றுநீரை உறிஞ்சி மறுபடியும் அவன் தலைப்பாகையிலேயே அடித்தது. ஊர் சிரித்தது. நாழிகை போனது. மேலே ராஜாவுக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அதைவிட அவசரமான வேறொரு உபாதையும் சேர்ந்துகொண்டது.

நெளிந்து நெளிந்து உட்கார்ந்ததில் மெத்தையின் இடுக்கில் ஏதோ குத்தியது. கையை விட்டு எடுத்தான். வெள்ளி வெற்றிலைப் பெட்டி! திருவிழாவன்று அவனே செருகிவைத்து மறந்தது. ராஜாவின் முகம் வெளுத்தது.

"மந்திரியாரே! அந்தப் பாகனைக் கூப்பிடும்!"

"கூப்பிடலாம் பிரபோ. காலெடுத்து உள்ளே வைத்தால் ஈட்டியால் குத்த வேண்டுமே! தங்கள் சட்டமாயிற்றே!"

"சட்டத்தைக் கிழித்தெறியும்!"

"முத்திரை மோதிரம் வேண்டும்."

மோதிரம் மேலிருந்து விழுந்தது. அம்பலவாணர் அங்கேயே புது ஓலை எழுதி முத்திரை குத்தினார்: எவரும் போக வேண்டாம், தாழ்ப்பாள்கள் வீடு திரும்பும். சாத்தன் உள்ளே காலெடுத்து வைக்கப் போனான். நீலி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. மொதல்ல என் வீட்டுத் தாழ்ப்பாள். கழட்டச் சொன்ன தளபதியே வந்து மாட்டட்டும். உள்ள போயி நான் போடுற சத்தம் கேட்டப்புறம் இவரு ஆனைகிட்டப் போவாரு."

"ஏய்!" என்று பாய்ந்தான் தளபதி.

"மாட்டித் தொலையடா!" என்று அம்பாரியிலிருந்து அலறினான் ராஜா.

காவலன் ஒருவன் கோட்டைக்கு ஓடித் தாழ்ப்பாளைக் கொண்டுவந்தான். தலைப்பாகையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தளபதி சுத்தியலைப் பிடித்தான். நான்கு ஆணி அடிப்பதற்குள் இரண்டு முறை விரலை நசுக்கிக்கொண்டான். நீலி குழந்தையோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது.

சாத்தன் ஒரே ஒரு சொல் சொன்னான். கார்முகில் மண்டியிட்டது. ராஜா இறங்கி, யாரையும் பார்க்காமல் புதர்ப்பக்கம் ஓடினான். திரும்பி வந்ததும் தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தனின் கழுத்தில் போட்டான். ஊரிலுள்ள மிச்சத் தாழ்ப்பாள்களையும் தளபதியே தன் கையால் மாட்ட வேண்டும் என்று உத்தரவிட்டான்.

தளபதி அதைக் காதில் வாங்காமல் நீலியின் கதவை இடித்தான். "திற! சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்!"

"புள்ளைக்குப் பால் குடுக்குறேன்," என்றது உள்ளேயிருந்து குரல். "முடிச்சுட்டு வர்றேன். வெளியிலயே நில்லுங்க."

ராஜாவும் மந்திரியும் பார்த்துக்கொண்டிருக்க, தளபதி வெளியிலேயே நின்றான்.