அறுபத்தொரு அடுப்பு

ஆவரங்குளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். அதை விட்டுவிட்டு, நான் சொல்லும் எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது.

ஊருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் புறம்போக்கு சும்மா கிடந்தது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: வீடில்லாத குடும்பங்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தால் அவர்களுக்கு மனை பிரித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராம சபை கூடி வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். மறுநாளே கோயில் கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டி அங்கே கல்யாண மண்டபம் வரப்போகிறது என்று சொல்லித் திரிய ஆரம்பித்துவிட்டார். பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஊர் நலத்தைப் பற்றி அவர் பேசினால், அதற்குள் அவர் நலம் எங்கே இருக்கிறது என்று தேட அதிக நேரம் ஆகாது.

கணக்கெடுக்க வேண்டியவர் ஊராட்சிச் செயலர் வில்வநாதன். ரேஷன் கார்டுகளை எண்ணினார், முந்நூற்றுப் பத்து. வீடுகளை எண்ணினார், வெளியூர் போனவர்கள் பூட்டிப் போட்ட எட்டையும் சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டு. எட்டு வீடு உபரி என்று எழுதிக்கொண்டார். அப்படி எழுதும் முன் முத்துப்பேச்சி என்ற பெண் இருக்கும் வீட்டுக்கும் போயிருந்தார். ஒற்றை அறை. அதில் மாமியார், மூத்தார் குடும்பம், முத்துப்பேச்சி, அவள் புருஷன், கைக்குழந்தை, கல்யாணமாகாத கொழுந்தன் என்று ஒன்பது பேர்.

"தனி அடுப்பு இருக்காம்மா?" என்று கேட்டார்.

"படுக்கவே எடமில்ல சார், அடுப்ப எங்க வைக்க?"

"அடுப்பு இல்லேன்னா ஒரே குடும்பம்தான். ரூல்ஸ் அப்படி, நான் என்ன செய்ய?"

தனி வீடு இல்லாததால் தனி அடுப்பு இல்லை. தனி அடுப்பு இல்லாததால் தனி கார்டு இல்லை. தனி கார்டு இல்லாததால் வீடு தேவைப்படும் குடும்பமே இல்லை. இப்படி ஒரு விதியை உட்கார்ந்து யோசித்து எழுதிய ஆளை ஒரு வாரம் அந்த அறையில் படுக்க வைக்க வேண்டும்.

இதற்கு இருபது நாள் முன்பு முனியாண்டி கோயிலில் கிடாவெட்டு நடந்தது. அங்கே பெண்கள் போவதில்லை. கறியைத் தலைக்கட்டுக்கு ஒரு கூறாகப் பிரிப்பார்கள். கல்யாணம் முடிந்த ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒரு கூரையின் கீழ் மூன்று அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு இருந்தால் மூன்று கூறு. ஒரு கூறு குறைந்தாலும் மண்டை உடையும் என்பதால் சௌந்தரபாண்டியே நின்று எண்ணிப் போட்டார். அந்த வருடம் முந்நூற்று எழுபத்தொரு கூறு.

முத்துப்பேச்சி சும்மா இருக்கவில்லை. தன்னைப் போல ஒண்டிக் கிடக்கும் பெண்களை வீடு வீடாகப் போய்த் திரட்டினாள். எல்லாருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்து, மறு கணக்கெடுப்புக்கு உத்தரவு வாங்கினார்கள். வில்வநாதன் இரண்டாம் முறை வந்தபோது முற்றத்திலும் சந்திலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் புதிதாக அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்று செங்கல், கொஞ்சம் விறகு, மேலே ஒரு சட்டி. மொத்தம் அறுபத்தொரு அடுப்பு. செங்கல்லில் கரிகூடப் பிடித்திருக்கவில்லை. வில்வநாதன் அதைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

கிராம சபை கூடியது. பட்டியலைப் படித்து முடிக்கும் முன்பே சௌந்தரபாண்டி எழுந்துவிட்டார்.

"அந்த அடுப்புல ஒரு நாளாவது ஒல கொதிச்சிருக்கா? ஏய் பேச்சி, முனியாண்டி மேல சத்தியம் பண்ணிச் சொல்லு. நீ அதுல சோறாக்குனியா?"

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். "ஆக்கல."

"கேட்டீகளா! இந்த ஊர்ல இருக்கது முந்நூத்திப் பத்துக் குடும்பம். அத்தன பேருக்கும் வீடு இருக்கு. நெலத்த அமுக்கப் பாக்குறாளுக, திருட்டு முண்டைக. அறுபத்தோரு பேரையும் லிஸ்ட்லருந்து அடிங்க சார்."

"அடுப்பு பொய்தான் மாமா," என்றாள் அவள். "அதுக்குன்னு நாங்களும் பொய்யா?"

"உக்காருடீ!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. யாரோ ஒரு செருப்பைக்கூட எறிந்தார்கள். வில்வநாதன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் பார்க்காமல், சபை சொல்வதை எழுதக் காத்திருந்தார்.

இப்போது கேட்கிறேன். பொய் அடுப்பு வைத்த முத்துப்பேச்சி, விதிப்படி எழுதிய வில்வநாதன், பொய்யைப் பிடித்துக் கொடுத்த சௌந்தரபாண்டி: இந்த மூவரில் ஊரை ஏமாற்றியவர் யார்?

விடை: சௌந்தரபாண்டி. கூறு முந்நூற்று எழுபத்தொன்று, கார்டு முந்நூற்றுப் பத்து. கழித்துப் பாருங்கள், அறுபத்தொன்று வரும். கிடாவெட்டுக்கே போகாத பெண்கள் தாங்களாக எண்ணி, ஓர் அடுப்புகூட அதிகமாக வைக்கவில்லை. பொய்யான அடுப்பால் உண்மையான எண்ணைச் சொன்னாள் முத்துப்பேச்சி. கறி என்றபோது தன் கையால் முந்நூற்று எழுபத்தொரு குடும்பத்துக்கு எண்ணிப் போட்டவர், நிலம் என்றதும் முந்நூற்றுப் பத்து என்றார். வில்வநாதனை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்பது பேரைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரே குடும்பம் என்று எழுதியவர் அவர். சபையில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் இந்த விடை தெரியும், முத்துப்பேச்சியின் புருஷன் உட்பட. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறுபத்தொரு பெயரும் அடிக்கப்பட்டன. மண்டபம் கட்டி முடித்தாயிற்று. அதில் நடந்த முதல் கல்யாணம் முத்துப்பேச்சியின் கொழுந்தனுக்கு. மேளதாளத்தோடு மணப்பெண்ணை அந்த ஒற்றை அறைக்கே அழைத்துப் போனார்கள். முத்துப்பேச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாயைச் சுருட்டி எடுத்து, ஆட்டுக்கொட்டகைக்குப் போனாள்.