விசயகண்டர் சீனத்து அரண்மனை பார்த்த கதை

அரசர்களுக்கு வரும் ஆசைகளில் பாதி, பக்கத்து நாட்டு அரசரைப் பார்த்து வருபவை. முத்தரங்க நாட்டு அரசர் விசயகண்டருக்கும் ஓர் ஆசை அப்படித்தான் வந்தது. பக்கத்து நாட்டு அரசர் கப்பலேறிச் சீனத்துக்குப் போய்த் திரும்பி, "சக்கரவர்த்தி பார்ப்பதையெல்லாம் நானும் பார்த்தேன்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விசயகண்டருக்குச் சோறு இறங்கவில்லை. முத்துக்களைப் பேழை பேழையாக ஏற்றிக்கொண்டு அவரும் புறப்பட்டார்.

கூடப் போனவர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் தலைமை அமைச்சர் விழுப்பரையர். அரசர் தும்மினால் அதிலும் ராகம் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். இன்னொருத்தி உமையாள். கப்பல் வணிகரின் மகள். சீனத் துறைமுகத்தில் வளர்ந்ததால் அந்த மொழி பேசுவாள். அரசவையில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. மனத்தில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடுவாள். அரசர் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் விழுப்பரையருக்கு ஆகாது.

முத்துக்களைப் பெற்றுக்கொண்ட சீனச் சக்கரவர்த்தி, தம் முன்னோர் கட்டிய அரண்மனையையும் தோட்டங்களையும் சுற்றிப் பார்க்க விசயகண்டருக்கு ஒரு பகல் அனுமதி தந்தார். முதல் நாள் மாலையே விடுதியில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

"காலையில் கொலு மண்டபம். வெயில் ஏறியதும் ஏரித் தோட்டம். அப்புறம்..." என்று தொடங்கினாள் உமையாள்.

"அதெல்லாம் அந்தப் பக்கத்து நாட்டு ஆள் பார்த்துவிட்டானே" என்றார் அரசர்.

இதற்காகவே காத்திருந்தவர் போல விழுப்பரையர் முன்னால் நகர்ந்தார். "அரசே, சக்கரவர்த்தி பார்ப்பதைப் பார்ப்பதில் என்ன பெருமை? சக்கரவர்த்தியே பார்க்காத ஒன்றை அந்த அரண்மனையில் தாங்கள் பார்க்க வேண்டும். மொழி தெரிந்தவள் உமையாள்தான். அவளே ஏற்பாடு செய்யட்டும். முடியாவிட்டால், மொழி தெரிந்த ஊரிலேயே இருந்துவிடட்டும்."

அரசருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "காட்டினால் இந்த முத்துமாலை உனக்கு. காட்டாவிட்டால் திரும்பும் கப்பலில் உனக்கு இடமில்லை" என்றார்.

உமையாள் ஊரில் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள். இருந்தும் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "சரி அரசே. கடைசியாக நான் அழைக்கும் இடத்துக்கு மட்டும் மறுக்காமல் வர வேண்டும்" என்றாள்.

மறுநாள் அரண்மனை அதிகாரி லியாங் அவர்களை வரவேற்றார். சிவப்புத் தூண்கள், மஞ்சள் ஓடுகள், நாகம் செதுக்கிய கல் படிகள். அரசர் எதையும் நின்று பார்க்கவில்லை. "இதைச் சக்கரவர்த்தி பார்த்திருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார்.

உமையாள் மொழிபெயர்த்ததும் லியாங் திகைத்தார். "இது அவர் சிம்மாசனம்" என்றார்.

தோட்டத்துக்குப் போனார்கள். ஏரியில் கல்லால் செய்த படகு ஒன்று நின்றது. "ஓடுவது போலவே இருக்கிறது" என்று வியந்தார் விழுப்பரையர். கரையெல்லாம் தாமரை. அரசர் தாமரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையற்கூடத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சாம்பல் மேடு? அதையாவது அவர் பார்க்காமல் இருந்திருப்பாரே?"

"சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடி அடி வாங்கியிருக்கிறார்" என்றார் லியாங்.

அரசரின் முகம் சுருங்கச் சுருங்க விழுப்பரையரின் முகம் மலர்ந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது உமையாள் லியாங்கிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். உமையாள் பின்பக்கத்துச் சிறு வாசல் வழியாக எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், மதிலைச் சுற்றி நடத்தி, முன்வாசலுக்குக் கொண்டுவந்தாள். பிற்பகலில் அந்தப் பெரிய கதவைச் சாத்திவிடுவது வழக்கம். எதிரே மனுக்களோடு ஜனங்கள் குந்தியிருந்தார்கள். ஒரு கிழவர் மடியில் வாத்து வைத்திருந்தார். லியாங் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றார்.

உமையாள் கதவைத் தட்டினாள். "முத்தரங்க நாட்டு அரசர் வந்திருக்கிறார்."

"யாராக இருந்தாலும் நாளைக்கு வா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அரசர் நின்றார். கால் வலித்தது. வாத்துக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். வேறு வழியில்லாமல் அரசர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாத்து பட்டுச் சால்வையைக் கொத்தியது.

"இதில் பார்க்க என்ன இருக்கிறது, உமையாள்? சாத்திய கதவு" என்றார் எரிச்சலோடு.

"அதுதான் அரசே. சக்கரவர்த்தி வருகிறார் என்று முரசு கேட்டாலே இது திறந்துவிடும். இந்தக் கதவைச் சாத்தியபடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை."

அரசர் லியாங்கைப் பார்த்தார். உமையாள் சொன்னதை அவளே அவருக்குச் சீன மொழியில் சொன்னாள். லியாங் வாய்வரை வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உண்மைதான்" என்றார்.

விசயகண்டர் வாத்து மிரளும்படி சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி உமையாளிடம் கொடுத்தார். பக்கத்து நாட்டு அரசரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

விழுப்பரையருக்குத்தான் தாங்கவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இதற்காகவா இவ்வளவு கடல் தாண்டி வந்தோம்? சாத்திய அரண்மனைக் கதவு நம் ஊரில் இல்லையா?"

"இருக்கிறது ஐயா" என்றாள் உமையாள். "அதையும் நம் அரசர் பார்த்ததில்லை."

முன்னால் போய்க்கொண்டிருந்த அரசரின் காதில் அது விழுந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மாலையைத் திருப்பியும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, அரண்மனைக் கதவைத் தினமும் உச்சிவேளை வரை திறந்துவைக்க உத்தரவு போட்டார். உச்சிக்குமேல், கதவு சாத்தியிருக்கும் நேரத்தில், அவர் தூங்குவது வழக்கம்.