பீஷ்மருக்கு ஒரு கைத் தண்ணீர்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கிருந்த குருவுக்கு வயது நாற்பதுகூட இருக்காது. சீடர் ஆவுடையப்பனுக்கோ தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் "சாமி" என்று கைகட்டித்தான் நிற்பார்.

அன்றைக்குப் பீஷ்மாஷ்டமி. பிள்ளையில்லாமல் போன பீஷ்மருக்கு எல்லாரும் பிள்ளையாக நின்று எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். விடிந்ததிலிருந்தே படித்துறையில் கூட்டம்.

முந்தின நாள் மாலை மடத்தில் பீஷ்மர் கதை சொன்னது ஆவுடையப்பன்தான். அப்பாவுக்காக ராஜ்யத்தையும் கல்யாணத்தையும் விட்ட இடம் வந்தபோது, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொன்னவரும் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது சொம்பில் எள்ளும் தண்ணீருமாகப் படியில் நின்றார். ஆற்றில் இறங்கவில்லை. அவருடைய அப்பா உயிரோடு இருந்தார். அப்பா இருக்கிறவன் எள் தொடக்கூடாது என்பது வழக்கம். பீஷ்மருக்கு மட்டும் விடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதற்கும் குருவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காத்திருந்தார்.

குரு வருவதற்குள் தங்கை பகவதி வந்துவிட்டாள். ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியிருக்கிறாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"அண்ணே, கிளம்பு. அப்பாவுக்கு முடியல."

"என்ன செய்யுது?"

"பேச்சு கொறஞ்சு போச்சு. தண்ணியும் உன் பேரும்தான் வாயில வருது. நாங்க ஊத்தினா வாயை இறுக்கி மூடிக்கிடுதாரு."

ஆவுடையப்பன் ஆற்றைப் பார்த்தார்.

"என் மக கல்யாணப் பந்தியில இலையை மடிச்சிட்டு எழுந்து போன மனுசன். மாப்பிள்ளை பாக்கையில தன்னைக் கேக்கலையாம். அத்தனை சம்பந்தக்காரங்க முன்னாடி..."

"அதுக்குத்தான் அன்னையிலிருந்து நீ வாசப்படி மிதிக்கலையே. இன்னும் என்ன?"

"இதை முடிச்சிட்டு வாரேன்."

"செத்து யுகம் போனவருக்கு அவசரம். நம்ம அப்பா காத்துக் கெடக்கட்டும், என்ன?"

"சாமி காரியத்துல வாயாடாத."

"நான் எங்க வாயாடுதேன்? அவரு நாக்குல ஈரமில்லைன்னு சொல்லுதேன்."

குரு குளிக்க வந்தார். வேட்டியை மேலே தூக்கிச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பகவதி அவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

ஆவுடையப்பன் முன்னால் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். அப்பா இருக்கிறவன் பீஷ்மருக்குத் தண்ணீர் விடலாமா?"

"நேற்று நன்றாகக் கதை சொன்னீர்கள்" என்றார் குரு. "நான்தான் பாதியில் எழுந்து போய்விட்டேன். அம்புப் படுக்கையில் பீஷ்மர் என்ன கேட்டார்?"

"தண்ணீர் கேட்டார், சாமி."

"யாரும் கொடுக்கவில்லையா?"

"கொடுக்காமல் என்ன? ராஜாக்கள் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். இது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அர்ஜுனனைக் கூப்பிட்டார்."

"அவன் இவர் பக்கத்து ஆளா?"

"இல்லை, எதிர்ப்பக்கம். அவர் உடம்பில் தைத்திருந்த அம்பெல்லாம் பெரும்பாலும் அவன்..."

ஆவுடையப்பன் நிறுத்திவிட்டார்.

பகவதி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

குரு கையை நீட்டிச் சொம்பை வாங்கினார். அதிலிருந்த எள்ளைப் படியோரம் கொட்டினார். இரண்டு குருவிகள் இறங்கி வந்தன. சொம்பை நன்றாக அலசி, கலங்காத இடமாகப் பார்த்து முழங்கால் ஆழத்துக்குப் போய்த் தண்ணீர் மொண்டார். தம் துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சொம்பின் வாயைக் கட்டினார். கொண்டுவந்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தார்.

"சாமி, நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே."

"அப்பா இருக்கிறவர் எள்ளில்லாமல் கொடுக்கணும்."

பகவதி அதற்குள் நாலு படி ஏறிவிட்டாள். "பஸ் போயிரும்ணே" என்றாள்.

ஆவுடையப்பன் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அப்போ பீஷ்மருக்கு?"

குரு ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குத்தான் ஊரே தண்ணீரில் நிற்கிறதே."