செந்நாய்கள் காத்த பாறை

“தீர்ப்புப் பாறைமேல் உட்காருகிறவனுக்குக் காவல் எதற்கு? காவல் வந்தால் அப்புறம்…”

பழைய நீதிபதி யானையார் விடைபெறும்போது பேசியதில் இவ்வளவுதான் முள்ளம்பன்றிக் கூர்முடியாருக்கு நினைவிருந்தது. மீதியைக் கேட்காமல், புதுப் பதவியை நினைத்து அவர் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்டுக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்பு சொன்னதும், தோற்றவர் பணியும்வரை எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்காமல் அவரைச் சுற்றி நிற்கும். அடியும் இல்லை, கடியும் இல்லை. நாக்கு வறண்ட காடே நின்று முறைக்கும். முரட்டுக் கரடிகூடப் பொழுது சாய்வதற்குள் பணிந்துவிடும். நீதிபதி யார் பக்கமும் சாயாதவர் என்று நம்பித்தான் காடு அந்தத் தாகத்தைப் பொறுத்தது.

ஒருநாள் சிறுத்தை ராசா வந்தது.

“என்ன நீதிபதியாரே, காட்டையே தாகத்தில் போட்டுத்தான் தீர்ப்பு நடக்கணுமா? என் செந்நாய்களை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் காட்டினால் போதும், பாய்ந்து கடிக்கும்!”

“பதிலுக்கு நான் என்ன செய்யணும்?”

“சேச்சே! ஒன்றும் வேண்டாம்!”

கூர்முடியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றுமுதல் தீர்ப்புகள் பறந்தன. கிழங்கு திருடிய பன்றிக்குக் காதில் கடி. எதிர்த்துப் பேசிய குரங்குக்கு வாலில் கடி. காடு நடுங்கியது.

“ஆகா, என் பேச்சுக்கு என்ன பலம்!” என்று பூரித்தார் நீதிபதி. பழைய வழக்கத்தை அவர் மறந்தே போனார்.

கோடை வந்தது. குளம் வற்றியது. நல்ல தண்ணீர் மிஞ்சிய கிழக்குக் கரையைச் சிறுத்தை வளைத்துக்கொண்டது.

கடமான் ஒன்று, தள்ளாடும் கன்றோடு பாறைக்கு ஓடி வந்தது.

“ஐயா, மேற்கே வெறும் சேறு! என் பிள்ளைக்கு நாக்குத் தள்ளிவிட்டது! தீர்ப்பு சொல்லுங்கள்!”

“கிழக்குக் கரை எல்லாருக்கும் பொது! ராசா விலகட்டும்!” கூர்முடியார் கண்ணைக் காட்டினார்.

செந்நாய்கள் கொட்டாவி விட்டன.

“எழுந்திருங்கடா!”

“யாரைக் கடிக்கச் சொல்கிறீர், பெரியவரே? எங்களுக்குக் கறி போடுவதே அவர்தானே!” என்று இளித்தது நாய்த் தலைவன்.

சிறுத்தை நிதானமாகத் தண்ணீரை நக்கியது.

கூர்முடியார் காட்டைப் பார்த்துக் கத்தினார். “பழைய வழக்கப்படி வாருங்கள்! ராசாவைச் சுற்றி நில்லுங்கள்!”

“எதற்கு? உம் நாய் கடித்த காதில் இன்னும் சீழ் வடிகிறது!” பன்றி உறுமியது. “நீரும் அவன் ஆள்தானே! உமக்காக நான் ஏன் தாகத்தில் சாகணும்?”

கன்று பாறையடிச் சேற்றில் மடங்கி விழுந்தது.

“ஏழையின் காதைக் கடிக்க மட்டும்தானா உங்கள் அதிகாரம்? தூ!” கடமான் பாறையின்மேல் காறித் துப்பியது.

கூர்முடியாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாய்கள்மேல் வந்த ஆத்திரம் தன்மேலேயே திரும்பியது.

“என் கண்முன் நிற்காதீர்கள்! போங்கடா!” என்று செந்நாய்களை விரட்டினார். பாறையை விட்டு இறங்கினார். கிழக்குக் கரையில் சிறுத்தைக்கு எதிரே போய், தண்ணீர் குடிக்காமல் தனியாக நின்றார்.

யாருக்கும் கட்டுப்படாதவர் என்ற நம்பிக்கைதான் நீதி சொல்பவரின் பலம். அதை விட்டுக்கொடுத்து வாங்கிய அதிகாரம் எளியவரைக் கடிக்கும், கொடுத்தவரைக் கண்டால் வாலாட்டும்.